கோர்ட் கலையும் வரை

மனித குல வரலாற்றில் எந்த மனிதனுக்காகவும் எழுந்து நிற்காத முதல் ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பதிவில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

பஸ்ஸுக்கு எழுந்திருப்பேன். மழைக்கு எழுந்திருப்பேன். தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பேன். அது ஆள் இல்லை. ஆளுக்கு மட்டும் கிடையாது. பிறக்கும்போதே உட்கார்ந்த நிலையில்தான் வந்தேனாம். பிரசவம் பார்த்த டாக்டரம்மா எழுந்து நின்றாராம். நான் கண்டுகொள்ளவில்லையாம்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு இதை ஒரு துறையாகவே வளர்த்தேன். 'முட்டி' என்று ஒரு கையெழுத்துச் சுவரிதழ் நடத்தினேன். ஆசிரியர், ஓவியர், பசை தடவி ஒட்டுபவர் எல்லாம் நானே. அதன் மூன்றாவது இதழில் எழுந்து நிற்பவர்களை நான்கு வகையாகப் பிரித்திருந்தேன்.

முதல் வகை, சுருள்கம்பி. பெரியவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவர் எழுந்துவிடுவார். இரண்டாம் வகை, பாதி. பெஞ்சுக்கும் தனக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு, வந்தவர் கவனித்துவிட்டாரா என்று பார்த்து, அப்படியே இறங்கிவிடுவார். மூன்றாம் வகை, தொற்று. யாருக்கு என்றே தெரியாது. பக்கத்து ஆள் எழுந்தால் எழுவார். நான்காம் வகைதான் கேவலத்திலும் கேவலம். எழுந்தும் நிற்பான், உனக்காக எழவில்லை என்றும் சாதிப்பான். கேட்டால் "கால் மரத்துப் போச்சு" என்பான். இந்த வகைக்கு மட்டும் நான் படம்கூட வரையவில்லை. பென்சில் கூசியது.

அந்த வருடம் கல்லூரி ஆண்டு விழாவுக்குத் தாளாளரின் நாற்காலி வந்தது. தாளாளர் வரவில்லை. அவருக்கு வேறு விழா இருந்தது. நாற்காலியை மட்டும் அனுப்பியிருந்தார். சிவப்பு வெல்வெட் மெத்தை, சிங்கத்தின் பாதம் போட்ட கால்கள். நாலு பேர் தூக்கி வந்தார்கள். முதல்வர் எழுந்தார். பேராசிரியர்கள் எழுந்தார்கள். எழுநூறு மாணவர்கள் எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததும் அரங்கத்தின் மடக்கு இருக்கைகளும் படபடவென்று எழுந்தன. என்னுடையது மட்டும் எழவில்லை. அதன்மேல் நான் இருந்தேன்.

நாற்காலி என்னைப் பார்த்தது.

மறுநாள் வழக்குப் பதிவானது. குற்றம், இருக்கை அவமதிப்பு. மூன்று மாதம் வரை சிறை.

வழக்கு நீதிமன்றம் எண் மூன்றரையில் நடந்தது. மூன்றாம் எண் கோர்ட்டுக்கும் நாலாம் எண் கோர்ட்டுக்கும் நடுவில் ஒரு நடைபாதை. அதன் கடைசியில் அது இருந்தது. நான் போனபோது நடைபாதை இருபது அடி. அது நேரத்துக்குத் தகுந்தபடி நீளும், யாரும் புகார் கொடுக்க வேண்டாம் என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தது.

டவாலி பொன்னுரங்கம் வாசலுக்கு வந்தார். தோளில் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு, பெயர் கூப்பிடுவது அவர் வேலை. என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். "தமிழினியன், தமிழினியன், தமிழினியன்." முதல் இரண்டு தமிழினியன்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். மூன்றாவது நான்.

குற்றவாளிக் கூண்டைக் கட்டியவர்கள் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்களாம். அதன் கூரை இடுப்பளவில் இருந்தது. உள்ளே போனால் உட்காரத்தான் முடியும். எனக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது.

அரசுத் தரப்பின் முதல் சாட்சி, நாற்காலி. அதைத் தூக்கிச் சாட்சிக் கூண்டில் வைத்தார்கள். இவர் எழுந்தாரா, இல்லையா என்று அரசு வக்கீல் கேட்டார். நாற்காலி பேசவில்லை. நடுவர் சச்சிதானந்தம், "சாட்சி மனம் நொந்து மௌனம் காத்தது" என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாவது சான்று என் சுவரிதழ். பெஞ்ச் கிளார்க் விஜயராணி மேடம் நான்கு வகைகளையும் திருத்தமாக வாசித்தார். நான்காம் வகைக்கு வந்தபோது வக்கீல்கள் சிரித்தார்கள். நடுவரே வாய்க்குக் குறுக்கே பேனாவை வைத்துக்கொண்டார். என் எழுத்துக்கு அதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். குற்றம் நிரூபணமானது.

தண்டனை சொல்ல வேண்டிய நேரத்தில் சிறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சிறையே எழுதியிருந்தது.

"ஐயா, என்னிடம் இடமில்லை. உள்ளே இருப்பவர்கள் முறை வைத்துப் படுக்கிறார்கள். இதில் பாதிப் பேருக்கு மேல் குற்றவாளியா இல்லையா என்று தாங்கள் இன்னும் முடிவே செய்யவில்லை. எனக்கும் முதுகு வலி. சின்னக் குற்றங்களை அங்கேயே வைத்துக்கொள்ளவும். இப்படிக்கு, சிறை."

நடுவர் நல்ல மனிதர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். சிறை என்பது கடைசி மருந்து, எடுத்த எடுப்பில் ஊசி போடக் கூடாது, மாத்திரை என்ன இருக்கிறது பாருங்கள் என்றார். மாற்றுத் தண்டனைகளை எடை போட்டுப் பார்க்க உத்தரவானது.

வராந்தாவில் நிற்கும் நீதி தேவதையிடம் தராசை இரவல் வாங்கி வந்தார்கள். தராசு போன பிறகு அந்த அம்மா கையை நீட்டியபடியே நின்றார். போகிற வருகிறவர்கள் அதில் வாழைப்பழத் தோலை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு தட்டில் என் குற்றத்தை வைக்க வேண்டும். நாற்காலி முழுசாக ஏறவில்லை. அதன் ஒரு காலைக் கழற்றி வைத்தார்கள். மற்ற மூன்று காலோடு நாற்காலி சுவரில் சாய்ந்து நின்றது.

முதலில் மரக்கன்று. நூறு கன்று நட வேண்டும் என்ற தண்டனையை மறு தட்டில் வைத்தார்கள். எடை கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. ஆனால் ஊரில் இடமில்லை. போன வருடத் திருடர்கள் நட்ட கன்றுகளே பெரிய தோப்பாகி, அந்தத் தோப்பில் தேங்காய் திருடுகிறார்கள் என்று புதிதாக நாற்பது வழக்கு. அவர்களுக்கும் மரம் நடுவதுதான் தண்டனை. இன்னும் இரண்டு வருடத்தில் கோர்ட்டையே தோப்புக்குள் மாற்றிவிடலாம் என்று அரசு வக்கீல் சொன்னார். நடுவர் கன்றை இறக்கச் சொன்னார்.

அடுத்தது, தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடுவது. இதற்கும் ஒரு சிக்கல். பதினோரு வருடமாக ஒருவர் கையெழுத்துப் போட்டுவருகிறார். அவர் வழக்குக் கட்டு தொலைந்துவிட்டதால் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. இப்போது அவர் வீட்டிலேயே இருக்கிறார். கையெழுத்து மட்டும் டவுன் பஸ் ஏறி வந்து போகிறது. நோட்டில் வேறு யாருக்கும் இடமில்லை.

கண்டித்து விடுவிப்பது என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "இனிமே இப்படிப் பண்ணாதப்பா" என்று கண்டித்தார். அதைத் தட்டில் வைத்ததும் தட்டு விருட்டென்று மேலே போனது. கண்டிப்பு பறந்து மின்விசிறியில் மாட்டிக்கொண்டது. பொன்னுரங்கம் ஒட்டடைக் குச்சியால் எடுத்தார். அதற்குள் அது கிழிந்துவிட்டது.

நன்னடத்தை அலுவலர் ஏற்கெனவே என் வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை கொடுத்திருந்தார். வீடு ஒழுங்காக நிற்கிறது, அக்கம்பக்கத்தாரோடு தகராறு இல்லை, மழைக்கு ஒழுகினாலும் மறைப்பதில்லை. எனவே வீட்டை நன்னடத்தையின் பேரில் விடுவிக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தார். வீடு அன்றே விடுவிக்கப்பட்டது. என்னைப் பற்றி அறிக்கையில் ஒன்றுமில்லை. படிவத்தில் இடம் போதவில்லையாம்.

இந்த இடைவெளியில் இன்னொரு வழக்கைக் கூப்பிட்டார்கள். ருக்குமணி என்று முப்பத்தைந்து வயது அக்கா. அவித்த நிலக்கடலைப் பாத்திரத்தோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார். அது நிற்கக் கூடாத இடம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்றார்கள். "ஆமாங்க, நின்னேனுங்க" என்றார். அவ்வளவுதான் வழக்கு. இந்த அம்மாவுக்குத் தனியாக எடை போட வேண்டாம், தட்டில் அடுத்து எது நிற்கிறதோ அதையே இரண்டு பேருக்கும் கொடுத்துவிடலாம் என்று நடுவர் தீர்மானித்தார்.

அடுத்து நின்றது, "கோர்ட் கலையும் வரை."

பழைய தண்டனை அது. அன்றைக்குக் கோர்ட் முடிந்து நடுவர் எழுந்து போகும்வரை, குற்றவாளி அங்கேயே பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவர் போனதும் வீட்டுக்குப் போகலாம். தட்டில் வைத்தார்கள். முள் நேராக நின்றது. எல்லோருக்கும் நிம்மதி.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எழுந்திருக்காத குற்றத்துக்கு உட்கார்ந்திருப்பது தண்டனை. திருடனுக்குத் தண்டனையாகச் சாவிக்கொத்தைக் கொடுத்த மாதிரி.

பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். ருக்குமணி அக்கா பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டார். பாத்திரத்தின் கழுத்தில் சான்றுப் பொருள் ஒன்று என்று அட்டை தொங்கியது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் போர்டு நின்றது. நெஞ்சில் ஏலப் பட்டியல், நெற்றியில் வழக்குப் பட்டியல். அவர் பெயர் நாச்சிமுத்து என்று பொன்னுரங்கம் அறிமுகம் செய்துவைத்தார்.

நாச்சிமுத்துவுக்கும் ஒரு காலத்தில் இதே தண்டனைதான். சைக்கிளில் டபுள்ஸ் போன வழக்கு. கோர்ட் கலைந்தது, அவரும் எழுந்தார். எழுந்ததைப் பதிவேட்டில் எழுத மறந்துவிட்டார்கள். தாளில் அவர் இன்னும் எழவில்லை. அதனால் போக முடியவில்லை. அந்தத் தவறு இனி நடக்கக் கூடாது என்றுதான் 'எழுந்த விவரப் படிவம்' கொண்டுவந்தார்களாம்.

நாச்சிமுத்து நெற்றியிலிருந்து ஒரு குண்டூசியைப் பிடுங்கினால்தான் பேசுவார். பிடுங்கினேன்.

"மொத நாளு ஜாலியாத்தான் இருக்கும் தம்பி" என்றார்.

திரும்பக் குத்திவிட்டேன்.

கடிகாரத்தில் நாலு ஐம்பத்தைந்து. நடுவர் கடைசிக் கோப்பை மூடினார். பேனாவுக்கு மூடி போட்டார். நாற்காலியின் கைப்பிடிகளில் கை ஊன்றினார். வக்கீல்கள் எழுந்தார்கள். கிளார்க் எழுந்தார். போலீஸ்காரர்கள் விறைத்தார்கள். ருக்குமணி அக்கா எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிட்டார், பாத்திரம் இடுப்பில்.

நான் உட்கார்ந்திருந்தேன். கொள்கை.

நடுவர் பாதி எழுந்த நிலையில் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். கடிகாரம் ஒரு நிமிடம் பின்னால் போய் நாலு ஐம்பத்து நாலில் நின்றது. வெளியே நடைபாதை பத்து அடி நீண்டது. அது நீளும் சத்தம், பெரிய பீரோவை இழுக்கிற மாதிரி இருந்தது.

விஜயராணி மேடம் வந்து விதியை விளக்கினார். நடுவர் எழும்போது உள்ளே இருக்கிற அத்தனை பேரும் எழ வேண்டும். ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாலும் கோர்ட் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நடந்துகொண்டிருக்கும் கோர்ட்டை விட்டு நடுவர் போக முடியாது. நடுவர் போகாமல் யாரும் போக முடியாது.

"அப்ப என்னை எழுந்திருக்கச் சொல்லி உத்தரவு போடுங்களேன்" என்றேன்.

நடுவர் வருத்தமாகத் தலையாட்டினார். "ஒரு குத்தத்துக்கு ஒரு தண்டனைதாம்ப்பா. எழுந்திருன்னா அது ரெண்டாவது தண்டனை ஆயிடும். சட்டத்துல இடமில்ல."

வரலாற்றில் கைதிகளைக் கோர்ட்டுகள் அடைத்திருக்கின்றன. ஒரு கோர்ட்டையே அடைத்துவைத்த முதல் கைதி நான். 'முட்டி' நான்காவது இதழின் தலைப்பை அப்போதே யோசித்துவிட்டேன்.

மறுபடி நாலு ஐம்பத்தைந்து ஆனது. நடுவர் கை ஊன்றினார். எல்லோரும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடைபாதை நீண்டது. ஐந்தாவது தடவைக்குப் பிறகு அரசு வக்கீல் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார். ஆறாவது தடவைக்குப் பிறகு இரண்டு வக்கீல்கள் டிபன் பாக்ஸைத் திறந்து, இனி இங்கேதான் என்று குடித்தனத்துக்கு இடம் பிரித்துக்கொண்டார்கள். எனக்கு விதித்த தண்டனைக்கு மாற்று உண்டா என்று தராசை மறுபடி கொண்டுவந்தார்கள். தட்டில் வைக்க ஒன்றும் மிச்சமில்லை. சும்மா எடை போட்டுப் பார்த்தார்கள். சும்மாவும் சரியாகத்தான் இருந்தது.

ஏழாவது தடவை உட்கார்ந்தபோது ஒரு மாடு கத்துவது கேட்டது. நடைபாதையின் அந்த முனையிலிருந்து வந்தது. ருக்குமணி அக்காவின் கழுத்து மட்டும் திரும்பியது.

"உங்க மாடாக்கா?"

"செவலைங்க. இன்னைக்குத் தலையீத்து."

தலையீத்து என்றால் முதல் பிரசவம் என்று விளக்கினார். காலையிலேயே மடி இறங்கிவிட்டதாம். மதியத்துக்குள் வந்துவிடலாம் என்று கட்டிவைத்துவிட்டு, கடலையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"செவலைதான் இருக்குது" என்றார்.

எனக்குக் கொஞ்சம் கடலை எடுத்துக் கொடுத்தார். சான்றுப் பொருளைத் தின்னலாமா என்று யோசித்தேன். தின்றேன். உப்பு சரியாக இருந்தது.

எட்டாவது தடவை. ஒன்பதாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அவர்தான் முதலில் எழுந்தார். ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தை இடுப்பில் வைத்து, முந்தானையைச் செருகி, ஓடுவதற்குத் தயாராக நின்றார். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து, பாத்திரத்தை மடியில் வைத்து, முந்தானையை எடுத்துவிட்டார். மாட்டுச் சத்தம் பத்துப் பத்து அடியாகத் தள்ளிப் போனது.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும். பதிலுக்கு ஒரு பிரசங்கமே கைவசம் வைத்திருந்தேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"என்னை எழுந்திருன்னு நீங்க சொல்லலாமேக்கா" என்றேன். "நீங்க நடுவர் இல்ல. உங்களுக்குச் சட்டம் தடையில்ல."

"நானெதுக்குங்க தம்பி சொல்லோணும்?" என்றார். "உங்க காலு."

கையில் மிச்சமிருந்த கடலையைத் தோலோடு மென்றேன்.

பத்தாவது தடவைக்குப் பிறகு, தானாகவே பேசினார். என்னிடம் இல்லை, பாத்திரத்திடம். முன்னங்கால் ரெண்டும் முதலில் வந்தால் பிரச்சினையில்லை, இழுத்துவிட்டால் போதும். தலை மடங்கியிருந்தால் கையை விட்டுத் திருப்ப வேண்டும். அதை மாடு தானாகச் செய்துகொள்ள முடியாது. வெளியே வந்த பிறகு மூக்கைத் துடைத்துவிட வேண்டும்.

"அப்பறம் கன்னு எந்திரிக்கோணும்ங்க. ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு நின்னுரோணும். நிக்காத கன்னு தங்காது."

எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "அது யாருக்காக எழுந்து நிக்குது?" என்று கேட்டேன்.

முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கேலியா இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேனா என்று பார்த்தார்.

"யாருக்குங்க நிக்கும்? பாலுக்குத்தான்."

பதினோராவது தடவையும் நான் எழவில்லை. ஒரு தடவை யோசிக்க அவகாசம் வேண்டாமா. சுவரில் சாய்ந்திருந்த தாளாளரின் நாற்காலியைப் பார்த்தேன். மூன்று காலோடு அது காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தது. யாரும் அதற்கு ஒரு படிவம் கொடுக்கவில்லை.

பிறகு நாலு ஐம்பத்தைந்து ஆனது. நடுவர் கோப்பை மூடினார். பேனாவுக்கு மூடி போட்டார். எல்லோரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். ருக்குமணி அக்கா முந்தானையைச் செருகினார்.

நடைபாதையின் கடைசியில் மாடு கத்தியது. இந்தத் தடவை நூல் மாதிரி வந்தது. வந்து, நடுவிலேயே அறுந்தது. அவர் பாத்திரத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டார். கடலையை விட்டுவிட்டு ஓடினால் இன்னும் வேகமாக ஓடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்.

பெஞ்சுக்கும் எனக்கும் நாலு விரல் இடைவெளி இருந்தது. அதைச் செய்தது யார் என்று எனக்குத் தெரியாது. அப்படியே இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். நடுவரும் அதே உயரத்தில் அந்தரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது.

மீதியும் எழுந்தேன்.

கோர்ட் கலைந்தது. கடிகாரம் ஐந்து அடித்தது. நடைபாதை சட்டென்று சுருங்கி நாலடி ஆனது. ருக்குமணி அக்கா அதை இரண்டே எட்டில் தாண்டிவிட்டார். எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், என் காலு.

விஜயராணி மேடம் 'எழுந்த விவரப் படிவம்' கொண்டுவந்தார். அதை எழுத ஏதாவது அட்டை வேண்டும் என்று அடியில் ஒன்றை வைத்திருந்தார். 'முட்டி', மூன்றாவது இதழ்.

பெயர் கேட்டார். சொன்னேன். நேரம் அவரே எழுதிக்கொண்டார்.

"எழுந்த காரணம்?"

வக்கீல்கள் டிபன் பாக்ஸை மூடுவதை நிறுத்தினார்கள். நாச்சிமுத்து தன் நெற்றிக் குண்டூசியைத் தானே பிடுங்கிக்கொண்டார்.

"கால் மரத்துப் போச்சு" என்றேன்.

அவர் நிமிரவில்லை. எழுதினார்.

"எந்தக் கால்? இடது, வலதுன்னு கட்டம் இருக்கு."

"ரெண்டும்."

இரண்டு கட்டத்திலும் டிக் போட்டார். முத்திரை குத்தினார். தண்டனை முடிந்தது, இனி உட்காரலாம் என்றார்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் மாடு ஒரு தடவை கத்தியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வேறு ஏதோ ஒன்று, சின்னதாக, கத்திப் பார்த்தது.

"உக்காருங்க தம்பி" என்றார் பொன்னுரங்கம்.

"இருக்கட்டுங்க" என்றேன்.